சிவப்புக் கோட்டுக்குள் ஒரு முனியப்பன்

1

ஓசூரில் எனக்கு ஒரு புதுப் பட்டம் கிடைத்திருக்கிறது: 'சாராயக்கடை ராஜி.'

அக்காதான் போனில் சொன்னாள். பாகலூர் ரோட்டில் காய் வாங்கப் போன இடத்தில் பழைய தெருக்காரி ஒருத்தி அவளை நிறுத்தி, "உன் தங்கச்சி அமெரிக்காவுல கோயில் கட்டி, அதும்பக்கத்துலயே சாராயக்கடை வெச்சிருக்காளாமே, நெசமா?" என்று கேட்டாளாம். அக்கா எடை போட்ட கத்தரிக்காயை அப்படியே திருப்பிக் கொட்டிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்துவிட்டாளாம்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நன்றாகவே வந்தது. நான் ஒரு சொட்டு குடித்தவளில்லை. என் வீட்டுக்காரர் முருகேசனுக்கு இருமல் மருந்தின் வாடையே ஆகாது. எங்களைப் போய் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பும் வந்தது. ஊரில் கேள்விப்பட்டது பாதிக் கதைதான். முழுக் கதை தெரிந்தால் இன்னும் வாயைப் பிளப்பார்கள். அடுத்தவர் வாயில் சிக்கிச் சீரழிவதற்கு முன் அதை நானே எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா காவேரிப்பட்டினத்துக்காரர், லாரி டிரைவர். தொழிற்பேட்டைக்கு லோடு அடித்து அடித்துக் கடைசியில் ஓசூரிலேயே தங்கிவிட்டார். நானும் அக்காவும் அங்கே பிறந்தோம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், கம்பெனி பஸ்ஸில் மூன்றும் கலந்து ஒன்று. முருகேசனுக்கு சாமல்பட்டி. ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில், அச்சும் கருவியும் செய்கிற பிரிவில், வேலை பார்த்தவரை, கம்பெனி மிச்சிகன் மாநிலத்தில் உள்ள அதன் தாய்த் தொழிற்சாலைக்கு அனுப்பியது. வந்து சேர்ந்து சில வருடங்களில் அந்தத் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்புவதா இருப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் கரண்டியைக் கையில் எடுத்தேன். அப்படித்தான் எங்கள் ஓட்டல் பிறந்தது.

2

ஓட்டல் என்றால் பெரிய கற்பனை வேண்டாம். ஒரு வரிசைக் கடைகளில் கடைசிக் கடை. முன்பக்கம் மேசைகள், பின்பக்கம் சமையலறை, அதற்கும் பின்னால் கார் நிறுத்தும் இடம். சமையலறையில் நானும் பாண்டீஸ்வரியும். அவள் மதுரைப் பக்கம். புருஷனுக்கு வேலை கிடைத்து ஓசூரில் குடித்தனம் நடத்திவிட்டு, எங்களைப் போலவே அங்கிருந்து இங்கே வந்து விழுந்தவள். மதியம் தோசை, பிரியாணி. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். களியை உருண்டை பிடித்து, நடுவில் குழியாக்கி, குழம்பை ஊற்றி வைத்தால் நம் ஆட்கள் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத் தொழிற்சாலை இன்ஜினியர்கள், வெள்ளைக்காரர்கள், எல்லோரும் கையால் சாப்பிடப் பழகிவிட்டார்கள்.

ஆனால் ராத்திரியில் ஒரு சிக்கல். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "என்ன பீர் இருக்கிறது?" இல்லை என்றால் முகம் வாடிவிடும். பாதிப் பேர் எழுந்து நான்கு கடை தள்ளியிருக்கும் பீட்சாக்கடைக்குப் போய்விடுவார்கள். நம் ஊரில் குடிக்கிற இடம் வேறு, குடும்பத்தோடு சாப்பிடுகிற இடம் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரையாவது தொங்கும். இங்கே அப்பா, அம்மா, பிள்ளை, பாட்டி எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். அதில் இரண்டு பேர் முன்னால் பீர் இருக்கும். யாரும் சட்டையைக் கிழித்துக்கொள்வதில்லை. அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு வெகுகாலம் ஆனது.

கட்டடத்துச் சொந்தக்காரர் நிக் நல்ல மனுஷன்தான். ஆனால் வியாபாரி. ஒருநாள் களியை உருட்டி விழுங்கிக்கொண்டே சொன்னார்: "ராஜி, உன் குழம்புக்கு நான் அடிமை. ஆனால் ராத்திரியில் பாதி மேசை காலி. பீர் லைசென்ஸ் உள்ள ஒருவன் இந்த இடத்தைக் கேட்கிறான். குத்தகை முடிவதற்குள் நீ மது அனுமதி வாங்கிவிட்டால் இடம் உனக்கு. இல்லையென்றால் என்னைக் குற்றம் சொல்லாதே."

இந்த ஓட்டலை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பில்லை. முருகேசனுக்கு வயதாகிவிட்டது, டூல் ரூமெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் கையில். மகள் தாரணி பக்கத்து நகரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். பாண்டீஸ்வரியின் வீட்டு அடுப்பும் இதை நம்பித்தான் எரிகிறது.

"வாங்கிடலாம்" என்றார் முருகேசன். "நம்ம ஊர்லயா இருக்கோம்? விண்ணப்பம் போட்டா குடுக்கப் போறான்."

3

இங்கே மது விற்க லைசென்ஸ் மட்டும் போதாது. அதற்கு முன்னால், இந்த இடத்தில் மது பரிமாறலாமா என்று ஊர்த் திட்டக்குழு அனுமதி தர வேண்டும். ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எது நடக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடையின் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு போடச் சொல்வார்கள். அந்தக் கோட்டுக்குள் மட்டும்தான் கோப்பை நகரலாம். கோட்டைத் தாண்டி ஒரு அடி போனாலும் குற்றம்.

ஊர் அலுவலகத்தில் கைல் என்று ஒரு பையன். பையன் என்றால் என் கண்ணுக்கு. முப்பது வயதிருக்கும், நல்ல மரியாதை. வரைபடத்தைக் கணினியில் திறந்தான். திறந்தவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"மேடம், வழிபாட்டு இடத்திலிருந்து ஐந்நூறு அடிக்குள் புதிதாக மது அனுமதி தருவதில்லை."

"இங்கே பக்கத்தில் சர்ச் எதுவும் இல்லையே?"

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். எங்கள் ஓட்டலுக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்து மூலையில், ஒரு சின்ன ஊதாப் புள்ளி. வழிபாட்டு இடம்.

அது எங்கள் முனியப்பன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முனியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எல்லைச் சாமி, காவல்காரர். புது வண்டி வாங்கினால் நம் ஆட்களுக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் தூக்கம் வராது. இங்கே எங்கே போய் நசுக்குவது? முருகேசன் தென்பெண்ணை ஆற்றிலிருந்து ஒரு கல்லைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் அவர் பட்ட பாடு தனிக் கதை. மேப்பிள் மரத்தடியில் கல்லை நட்டோம். இங்கே வேலை செய்யும் நம் பையன்கள் எஃகில் ஒரு சூலம் கடைந்து தந்தார்கள். அப்புறம் என்ன, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார்கள் வரிசை கட்டும். தேங்காய், சூடம், எலுமிச்சம்பழம்.

தேங்காய் உடைக்கும் சத்தம் பொறுக்காமல், கார் நிறுத்தும் இடத்துக்கு எதிர்வீட்டு வால்டர் புகார் கொடுத்தார். அப்போது விசாரிக்க வந்தவனும் இதே கைல்தான். பார்த்துவிட்டு, "தனியார் இடம். கல் வைத்துக் கும்பிட எந்த அனுமதியும் தேவையில்லை. காலையில் சத்தம் போடாதீர்கள், போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

நான் விட்டேனா? அங்கேதான் நம் ஊர்ப் புத்தி வேலை செய்தது. குந்தாரப்பள்ளிப் பக்கத்தில் ரோட்டோரம் அப்பாவின் முனியப்பன் இருந்தார். லோடு ஏற்றிக் கிளம்பினால் அங்கே வண்டியை நிறுத்தி, ஒரு சுருட்டைப் பற்றவைத்துச் சாமி முன்னால் வைத்து, ஒரு குவார்ட்டரைத் திறந்து கல்லின்மேல் ஊற்றிவிட்டுத்தான் அப்பா போவார். தான் தொடமாட்டார். "வண்டி ஓட்டறவன் நான், குடிக்கறவரு அவரு" என்பார். ரோட்டை அகலப்படுத்தினபோது அந்தக் கோயிலை எடுத்தார்கள். "பட்டா இருக்கா, பேப்பர் இருக்கா" என்று கேட்டபோது அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் கைல் பின்னாலேயே போனேன். "தேவையில்லைன்னா பரவாயில்லை தம்பி, எதற்கும் ஒரு பேப்பர் போட்டுக் கொடு" என்று நச்சரித்து, நடையாய் நடந்து, 'வழிபாட்டு இடம்' என்று பதிவு செய்து, முத்திரை வாங்கி, சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிச் சந்தனமும் வைத்தேன். யாரும் கேட்காத பத்திரத்தைக் கெஞ்சி வாங்கி எனக்கு நானே ஆப்பு அடித்துக்கொண்டேன். உலகத்தில் வேறு எந்த இனத்தாருக்காவது இந்தச் சாமர்த்தியம் வருமா, சொல்லுங்கள்.

"நீங்கள்தான் வேண்டும் என்று கேட்டீர்கள்" என்றான் கைல், பாவமாக. "பதிவை ரத்து செய்து கல்லை எடுத்துவிட்டால் அனுமதிக்குத் தடையில்லை."

4

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்தோம். வார இறுதி என்று தாரணியும் வந்திருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் கல்லுக்குப் பொட்டு வைக்க அடம்பிடித்தவள். பள்ளியில் யாரோ "உங்கள் வீட்டில் கல்லுக்கு ஆடை கட்டுவீர்களாமே" என்று கேட்டார்கள். அதோடு பின்பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். கல்லூரிக்குப் போனபின் அவள் வாயில் அது 'தி ராக்' ஆகிவிட்டது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். திட்டினால் மட்டும் தமிழில் திருப்பித் திட்டுவாள். அதற்காகவே சில நாள் நான் திட்டுவதுண்டு.

"மா, ஸிம்பிள். அந்த ராக்கை மூவ் பண்ணிடுங்க. நம்ம வீட்டு பேக்யார்டுல வெச்சுக்கலாம்."

"அவர் ராக் இல்லடி. நட்ட சாமியைப் பிடுங்கச் சொல்றியா?"

"ஓட்டல் போயிடும்மா! அப்புறம் பார்க்கிங் யாருக்கு, சாமி யாருக்கு?"

முருகேசனைப் பார்த்தேன். பெட்டியில் கல்லைச் சுமந்து வந்த மனுஷன், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "அவ சொல்றதும் ஞாயம்தான், ராஜி" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பிடுங்கறதுன்னா நீங்க பிடுங்குங்க. என் கையால ஆவாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அக்காவுக்குப் போன் போட்டேன். அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தால் அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிறாள்.

"நான் இங்க அழறேன், நீ சிரிக்கறியா?"

"ஏன்டி ராஜி, அம்மன் கல்லு நட்டத நீ மறந்துட்டியா?"

அதை யாரால் மறக்க முடியும்? ஓசூரில் எங்கள் தெரு முனையில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில், மதுக்கடை ஒன்று வந்தது. சம்பள நாளில் ஆம்பிளைகள் வீடு வந்து சேரமாட்டார்கள். பெண்கள் மனு கொடுத்துப் பார்த்தார்கள், ரோட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது பக்கத்து வீட்டு ரத்னம்மா ஒரு யோசனை சொன்னாள். கோயில் பக்கத்தில் கடை இருக்கக் கூடாதல்லவா, கடை பக்கத்தில் கோயில் வந்துவிட்டால்? ஒரு வெள்ளிக்கிழமை காலை தெருவே திரண்டு, கடைக்கு எதிரே வேப்பங்கன்று நட்டு, கல் நட்டு, மஞ்சள் பூசி, கூழ் ஊற்றிவிட்டோம். நான் அப்போது கல்லூரிப் பெண். சந்தனக் கிண்ணம் என் கையில். அதிகாரி டேப் பிடித்து அளந்தார். கடை இடம் மாறியது. தெருப்பெண்கள் அன்றைக்குப் போட்ட ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அதான் தெரியுமே" என்றேன். "அங்க கோயிலை வெச்சுக் கடையை வெரட்டினோம். இங்க என் கோயிலே என் கடையை வெரட்டுது."

"அட, அது இல்லடி. அன்னிக்கி என்னா சாமி வெக்கறதுன்னு சண்ட வந்துதே, அத நெனச்சிப் பாரு. முனியப்பனை வெச்சிரலாம்னு நான்தான் சொன்னேன். ரத்னம்மா என்னா சொன்னா? 'ஏமம்மா, நீக்கு புத்தி உந்தா, புத்தியிருக்கா உனக்கு? முனியப்பனை வெச்சா கடைய மூட உடுவாரா? மொத கட்டிங்கு எனக்கும்பாரு'ன்னா. தெருவே சிரிச்சிது. அதனாலதான மாரியம்மனை வெச்சோம்!"

நான் அழுகையை நிறுத்தினேன்.

"சாராயம் ஆவாத சாமிக்குத்தான்டி அந்தச் சட்டம்" என்றாள் அக்கா. "உன் சாமிக்கி சாராயம்தான படையலு? அத அவுங்களுக்குச் சொன்னியா நீ?"

5

சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தாரணியிடம் ஓடினேன். அக்கா சொன்னதைச் சொல்லச் சொல்ல அவள் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். "வெய்ட், அவருக்கு ஆல்கஹாலா? ரியலி? நீங்க எப்பவும் ஆப்பிள் ஜூஸ்தானே வெப்பீங்க?"

"இங்க வெளியில பாட்டிலைத் திறந்தா போலீஸ் பிடிப்பான்னு சொன்னாங்க. நிறம் ஒண்ணாத்தானே இருக்குன்னு ஜூஸ் வெச்சேன்."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் சிரித்து முடித்ததும் மடிக்கணினியைத் திறந்து ஊர்ச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தாள். நான் தோசை வார்த்துக் கொடுத்தேன், திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். அந்த வழிபாட்டு இடத்தைச் சேர்ந்தவர்களே பொதுவில் வந்து ஆட்சேபணை இல்லை என்று சொன்னால், குழு விலக்கு அளிக்கலாம் என்று இருந்தது. ஆனால் கடைக்காரி நானே, கோயில்காரியும் நானே. எனக்கு நானே சான்று கொடுத்தால் செல்லாது. கும்பிடுகிற மற்றவர்கள் வர வேண்டும்.

பாண்டீஸ்வரியிடம் சொன்னேன். "அம்புட்டுத்தானாக்கா?" என்றாள் அவள். "நான் ஆளக் கூட்டியாறேன், நீங்க கொழம்பப் பாருங்க."

6

இந்த ஊரில் ஒன்றை நான் மனசார மெச்சுவேன். நம் ஊரில் ஒரு பைல் யார் மேசையில் தூங்குகிறது, யார் தடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியாது. இங்கே உன்னை எதிர்ப்பவன் உன் கண் முன்னால் எழுந்து நின்று, பெயரும் விலாசமும் சொல்லிவிட்டுத்தான் எதிர்க்க வேண்டும். கேட்கக் கசக்கும். ஆனால் யாரோடு மல்லுக்கட்டுகிறோம் என்பது தெரியும்.

கூட்டம் நடந்த அன்று சாயந்திரம் ஓட்டலுக்கு விடுமுறை விட்டுவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மேடையில் திட்டக்குழு உறுப்பினர்கள். எல்லோரும் ஊர்க்காரர்கள், சம்பளமில்லாத பதவி. நடுவில் தலைவி மார்கரெட் அம்மா, ஓய்வுபெற்ற டீச்சர், மூக்கு நுனியில் கண்ணாடி. பின்வரிசையில் நிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குத்தகைத் தாள் அவர் பையில் இருந்தது எனக்குத் தெரியும். யார் பெயருக்கு என்பதுதான் தெரியாது.

பாண்டீஸ்வரி சொன்னபடி செய்திருந்தாள். நம் ஆட்கள் அரங்கை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸுகள், இன்ஜினியர்கள், கைக்குழந்தைக்காரிகள், புதுக் கார் வாங்கிய பையன்கள்.

வால்டர் முதலில் எழுந்தார். "எனக்கு இவர்கள் மேல் பகையில்லை. தேங்காய்ச் சத்தத்துக்கும் பழகிவிட்டேன். ஆனால் போன தடவை கோயில் என்று பதிந்தார்கள். இப்போது பீர் விற்க வேண்டும் என்கிறார்கள். இவர்கள் எது, கோயிலா, மதுக்கடையா? ஒரு சர்ச் வாசலில் இதை அனுமதிப்பீர்களா?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. குழுவில் இரண்டு தலைகள் ஆடின. ஒத்திகை பார்த்த ஆங்கிலமெல்லாம் காற்றில் போனது. மைக் முன்னால் போய் நின்று, எடுத்த எடுப்பில், "எங்கள் கடவுள் ஒரு குடிகாரர்" என்று சொல்லிவிட்டேன்.

அரங்கம் கொல்லென்று சிரித்தது. முருகேசன் தலையில் கை வைத்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் எனக்கு எந்த மொழியும் வரும்.

"சிரியுங்கள். ஆனால் கேளுங்கள். இவர் சொர்க்கத்தில் உட்கார்ந்திருக்கிற கடவுள் இல்லை. எங்கள் ஊர் எல்லையில் ராத்திரி பகலாக நிற்கிற காவல்காரர். உங்கள் வாட்ச்மேனுக்கு நீங்கள் காபி கொடுப்பீர்கள். எங்கள் வாட்ச்மேனுக்கு நாங்கள் சுருட்டும் சாராயமும் கொடுக்கிறோம். என் அப்பா லாரி ஓட்டினார். குடித்ததில்லை. ஆனால் அவருக்கு ஊற்றாமல் ஒருநாளும் வண்டி எடுத்ததில்லை. மது பக்கத்தில் வந்தால் மனம் நோகும் சாமிகள் எங்களிடமும் உண்டு. அவர்களுக்காக மதுக்கடையை விரட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. இவர் அப்படிப்பட்டவர் இல்லை. இவருக்கு மது இல்லாததுதான் அவமரியாதை."

மார்கரெட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் இத்தனை வருடம் இங்கே அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆப்பிள் ஜூஸ்" என்றேன்.

இந்தத் தடவை குழுவே சிரித்துவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி, "அம்மா, விலக்குக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் எங்களிடம் கஷ்டம், கஷ்டம் என்பார்கள். இதைவிடப் பெரிய கஷ்டத்தை நான் கேட்டதில்லை" என்றார்.

பிறகு நம் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, பெயரும் விலாசமும் சொல்லி, ஆட்சேபணை இல்லை என்றார்கள். பாண்டீஸ்வரி தமிழிலேயே பேசினாள், ஒரு நர்ஸ் மொழிபெயர்த்தாள். "எங்க சாமி கேக்காத எதையும் நாங்க குடுக்கலம்மா. அவரு கேட்டதத்தான் இந்த ஊருல குடுக்க முடியல." வரிசை முடிந்தது.

"இந்த வழிபாட்டைச் சேர்ந்தவர்களில் வேறு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று தலைவி முறைப்படி கேட்டார்.

"எனக்கு உண்டு" என்று ஒரு குரல். தாரணி.

'பாவி மகளே, இங்கேயா?' முருகேசன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவள் நேரே மைக் முன்னால் போனாள். பெயர் சொன்னாள், எங்கள் வீட்டு விலாசம் சொன்னாள்.

"என் ஆட்சேபணை இந்த வரைபடத்தின் மீது" என்றாள் ஆங்கிலத்தில், ஒரு வார்த்தை தடுக்காமல். "சிவப்புக் கோடு ஓட்டலின் பின்கதவோடு நின்றுவிடுகிறது. முனியப்பன் அதற்கு வெளியே இருக்கிறார். நீங்கள் இப்படியே அனுமதி கொடுத்தால் ஊரில் எல்லோரும் எங்கள் கடையில் பீர் குடிக்கலாம், அவர் ஒருவரைத் தவிர. அம்மா அவருக்கு ஒரு டம்ளர் எடுத்துப் போனால் கதவைத் தாண்டியதும் குற்றவாளி. அதனால் கோட்டை மேப்பிள் மரம் வரை நீட்ட வேண்டும். வெளி இருக்கைப் பகுதி என்று உங்கள் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வேலி நாங்கள் போட்டுக்கொள்கிறோம்."

'தி ராக்' என்று சொல்லவில்லை. முனியப்பன் என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். நிக் பார்த்துவிட்டார்.

தலைவி கைலைப் பார்த்தார். "செய்யலாமா?" கைல் காகிதத்தைப் புரட்டினான், தலையாட்டினான், சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தான். எல்லோர் முன்னாலும், திரையில் தெரிய, பின்கதவிலிருந்து மரம் வரை போய், கல்லைச் சுற்றித் திரும்பி வந்தது கோடு.

ஓட்டு எடுத்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக 'சரி' என்றார்கள். ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். போகட்டும், அவரும் நல்லா இருக்கட்டும். "அனுமதி வழங்கப்பட்டது" என்று தலைவி சுத்தியலைத் தட்டியதுதான் தாமதம், பாண்டீஸ்வரி தொண்டையைத் திறந்து ஒரு குலவை போட்டாள் பாருங்கள்! கைக்குழந்தைகள் வீறிட்டன. வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே ஓடிவந்தார்.

"இது என்ன, ஆட்சேபணையா?" என்றார் மார்கரெட் அம்மா.

"இல்லை மேடம்" என்றாள் தாரணி. "எங்கள் வீட்டில் நல்லது நடந்தால் போடும் சத்தம்."

"அப்படியானால் இன்னொரு முறை போடச் சொல்."

7

நிக் அங்கேயே, நாற்காலிக் கைப்பிடியில் தாளை வைத்துக் குத்தகையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் பெயருக்கு.

லைசென்ஸ் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை தாரணி கல்லூரியிலிருந்து வந்துவிட்டாள். பீர் வகைகள் எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். "மா, இவருக்கு எது பிடிக்கும்? லைட்டா, டார்க்கா?"

"எல்லை காக்கறவருடி. இருக்கறதுலயே கறுப்பா எடு."

புது வேலிக்குள் முனியப்பனுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டாள். அவளேதான். முருகேசன் சுருட்டைப் பற்றவைத்துக் கல் முன்னால் வைத்தார். போனில் அக்கா. ஓசூரில் அப்போது விடிந்திருக்கவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு, "காமிடி, கிட்டக்க காமிடி" என்று கத்திக்கொண்டிருந்தாள். கார்களை விட்டு இறங்கிய வெள்ளைக்காரர்கள் வேலிக்கு வெளியே கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். வால்டர் வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். எனக்கு ஊற்றத் தெரியவில்லை. தலைகீழாகக் கவிழ்த்துவிட்டேன். நுரை குபுகுபுவென்று கிளம்பி, விளிம்பைத் தாண்டி, டம்ளரைச் சுற்றி வழிந்து கல்லின் அடியில் இறங்கியது.

"பொங்கிடுச்சிடி ராஜி! ஏத்துக்கிட்டாருடி!" என்று போனில் அக்கா அலறினாள். வேலிக்கு வெளியே நின்றவர்கள், எதற்கென்று தெரியாமலே, கை தட்டினார்கள்.

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு பாண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "அக்கா, சாமி கும்பிட்டது போதும், வாங்க. உள்ள உக்கார எடமில்ல, வாசல் வரைக்கும் ஆளு நிக்குது."

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினேன்.